ஷவரில் தண்ணீர் ஏறி ஏறி இறங்குகிறது: ஒன்றரை எச்.பி. மோட்டார் போட்டால் தீருமா?

வீரவநல்லூர் மருமகள்

வணக்கம். எங்கள் வீட்டில் கிணற்றுத் தண்ணீரின் வேகம் ஒரு நிலையில் நிற்பதில்லை. விவரம் முழுவதையும் எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீடு மாமாவின் அப்பா கட்டியது. முன்கட்டு ஓடு, பின்கட்டு பழைய தட்டட்டி, அதாவது மட்டமான மொட்டை மாடி. தட்டட்டி மேல் ஆயிரம் லிட்டர் தொட்டி வைக்கலாமா என்று கேட்டதற்குக் கொத்தனார் உத்தரத்தை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "வேண்டாம்மா, நான் இந்த ஊரில் இன்னும் வேலை பார்க்கணும்" என்று போய்விட்டார். அதனால் மேலே தொட்டி கிடையாது. புறவாசல் கிணற்றிலிருந்து மோட்டார், அதிலிருந்து நூறு லிட்டர் பிரஷர் டேங்க், அங்கிருந்து நேராக வீட்டுக் குழாய்கள். பக்கவாட்டில் தூண் எழுப்பித் தகரக் கூரை போட்ட மாடி அறை ஒன்று இருக்கிறது. அந்தக் குளியலறையில்தான் தொந்தரவு அதிகம்.

கிணறு 38 அடி, வெட்டுக்கிணறு. கன்னடியன் கால்வாயில் தண்ணீர் ஓடும் மாதங்களில் தரையிலிருந்து பத்தடியில் தண்ணீர் நிற்கும். பிசான நெல்லை அறுத்துக் கால்வாயை அடைத்துவிட்டால் இறங்க ஆரம்பிக்கும். இப்போது வைகாசி. கயிற்றில் கல்லைக் கட்டி விட்டுப் பார்த்தேன், 26 அடியில் கிடக்கிறது. மோட்டார் ஒரு எச்.பி. மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாகச் சேர்ந்தது), கிணற்றுக்கு வெளியே திண்டில் இருக்கிறது. பிளேட்டில் ஹெட் (தண்ணீரை ஏற்றும் உயரம்) 6/36 மீட்டர் என்று போட்டிருக்கிறது.

ஷவரைத் திறந்ததும் பலமாக வரும். பத்து எண்ணுவதற்குள் சோர்ந்துபோகும். புறவாசலில் மோட்டார் 'டக்' என்று ஓடும், உடனே பலமாகும், மறுபடி 'டக்' என்று நின்றுவிடும். குளித்து முடிக்கும் வரை இதே கூத்து. வெந்நீரும் பச்சைத்தண்ணீரும் கலக்கிற குழாயில் சூடு நிலையாக நிற்காது.

சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல் இன்னொரு விதம். குழாயை எல்லாம் அடைத்த பிறகும் மோட்டார் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், அத்தை போய் சுவிட்சை அணைக்க வேண்டும். இது போதாதென்று நடுராத்திரியில், யாரும் தண்ணீர் எடுக்காத நேரத்தில், தானாக ஓடி நிற்கும். அத்தை இதற்கு வேறு காரணம் வைத்திருக்கிறார், அதை இங்கே எழுதவில்லை.

மார்கழியில் ஒரு பிளம்பர் வந்து, மோட்டாரைத் தானாக ஓட்டி நிறுத்துகிற பிரஷர் சுவிட்சின் மூடியைத் திறந்து நட்டை முடுக்கிவிட்டுப் போனார். அப்போது மாடியில் நன்றாகத்தான் வந்தது. இப்போது வந்த இன்னொருவர் "ஒன்றரை எச்.பி. போட்டால்தான் சரிப்படும்" என்கிறார். மாமா பணத்தை எடுத்து வைத்துவிட்டார். வாங்குவதற்கு முன் கேட்கிறேன், அதைப் போட்டால் தீருமா?

பாளை மார்க்கெட்

பிரஷர் டேங்க் சமாச்சாரமே நமக்குச் சரிப்படாது சகோதரி. தட்டட்டி தாங்காவிட்டால் என்ன, புறவாசலில் இரும்பு ஸ்டாண்டு அடித்து அதன் மேல் சிண்டெக்ஸ் தொட்டி வையுங்கள். கரண்ட் போனாலும் தண்ணீர் வரும், ஏற்றம் இறக்கம் எதுவும் இருக்காது. எங்கள் வீட்டில் அப்படித்தான்.

மோட்டார் இழுக்கச் சிரமப்பட்டால் கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் ஒரு திண்டு கட்டி அங்கே இறக்கிவிடலாம். எங்கள் பெரியப்பா தோட்டத்தில் இருபதடியில்தான் மோட்டார் உட்கார்ந்திருக்கிறது.

அம்பை காயில்கட்டு

தங்கச்சி, முதலில் மாமாவிடம் சொல்லிப் பணத்தைப் பெட்டிக்குள் திரும்ப வைக்கச் சொல்லுங்கள். ஒன்றரை எச்.பி. வேண்டாம்.

நான் அம்பாசமுத்திரத்தில் மோட்டார் காயில் கட்டுகிறவன். கோடையில் கருகி வருகிற வீட்டு மோட்டார்களில் நிறைய, நீங்கள் எழுதியிருக்கிற மாதிரி நிமிஷத்துக்கு நாலு தடவை ஓடி நின்றவைதான். ஸ்டார்ட் ஆகும் அந்த நொடியில் மோட்டார் சாதாரணமாக இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். ஓடி ஆறுவதற்கு நேரமே கொடுக்காமல் திரும்பத் திரும்ப அப்படி இழுத்தால் காயில் என்ன செய்யும்? புது மோட்டார் வாங்கி இதே டேங்கில் மாட்டினால் அதுவும் என் கடைக்குத்தான் வரும். எனக்கு வியாபாரம்தான், ஆனாலும் சொல்லுகிறேன்.

நீங்கள் ஒரு கோளாறு என்று எழுதியிருப்பது மூன்று கோளாறு. எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது என்பதை வைத்தே பிரித்துவிடலாம். பத்து எண்ணுவதற்குள் மாறினால் டேங்க். யாரும் தொடாமல் ராத்திரி ஓடினால் எங்கோ தண்ணீர் கசிகிறது, அநேகமாக புட்வால்வு, அதாவது கிணற்றுக்குள் குழாயின் அடியில் தண்ணீர் திரும்பி இறங்காமல் பிடிக்கிற வால்வு. சாயங்காலம் நிற்காமல் ஓடுவது மோட்டாருக்கு எட்டாத பிரஷரைச் சுவிட்சில் வைத்திருப்பதால்.

டேங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பார்க்கிறவர்கள் முக்கால்வாசிப் பேர் இதைத் தவறாகத்தான் பார்க்கிறார்கள். டேங்குக்குள்ளே ஒரு ரப்பர் பை இருக்கிறது. தண்ணீர் பைக்குள், காற்று பைக்கும் இரும்புக்கும் நடுவில். தண்ணீரை அமுக்க முடியாது, காற்றை அமுக்கலாம். மோட்டார் நின்ற பிறகு உங்கள் ஷவருக்குத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வருவது அந்த அமுங்கின காற்றுதான். காற்று போய்விட்டால் டேங்க் வெறும் குண்டுக் குழாய். ஒரு செம்புத் தண்ணீர் எடுத்தாலும் பிரஷர் கேஜில் முள் கீழே விழும், மோட்டார் ஓடும். மோட்டார் ஒரு செம்பு கொடுத்ததும் முள் உச்சிக்குப் போகும், நிற்கும்.

பார்க்கிற விதம் இது. மெயின் சுவிட்சை அணையுங்கள். டேங்குக்குக் கீழே உள்ள குழாயைத் திறந்து, கேஜில் முள் பூஜ்யத்துக்கு வந்து, கடைசிச் சொட்டு வரை வடியவிடுங்கள். தண்ணீர் உள்ளே இருக்கும்போது காற்றை அளந்தால் அது தண்ணீரின் பிரஷரைத்தான் காட்டும், அந்த அளவு ஒன்றுக்கும் உதவாது. வடிந்த பிறகு டேங்கின் உச்சியில் உள்ள பிளாஸ்டிக் மூடியைத் திருகி எடுத்தால் சைக்கிள் டியூபில் இருப்பது போன்ற வால்வு இருக்கும். ஊக்கு முனையால் நடுவில் உள்ள ஊசியை லேசாக அமுக்குங்கள். காற்று வந்தால் பை பிழைத்திருக்கிறது, பஞ்சர் கடை கேஜை வைத்து எத்தனை பவுண்டு (பி.எஸ்.ஐ., சதுர அங்குலத்துக்கு) என்று பார்க்கலாம். தண்ணீர் வந்தால் பை கிழிந்துவிட்டது, காற்று அடித்துப் பிரயோஜனமில்லை.

அடுத்தது ராத்திரி ஓட்டம். எல்லோரும் படுக்கப் போகும்போது மோட்டாரை ஓட்டி முள் உச்சிக்கு வந்து நின்றதும் மெயினை அணைத்துவிட்டு, டேங்குக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள கேட்வால்வை அடையுங்கள். காலையில் முள் அப்படியே நின்றால் கசிவு வீட்டுப் பக்கம், கக்கூஸ் பிளஷ் தொட்டியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். முள் இறங்கியிருந்தால் தண்ணீர் கிணற்றுக்கே திரும்பிப் போயிருக்கிறது. இதற்குக் கேஜ் கூட வேண்டாம். ஊர் அடங்கின நேரத்தில் கிணற்று ஓரத்தில் நின்று கேளுங்கள், புட்வால்வு சரியாக உட்காராவிட்டால் உள்ளே சலசலவென்று கேட்கும்.

ஒன்றரை எச்.பி. ஏன் வேண்டாம் என்றால், வெளியே இருக்கிற பம்ப் தண்ணீரை இழுப்பதே கிடையாது. பம்ப் குழாய்க்குள் காற்றைக் குறைத்துக் கொடுக்கிறது, கிணற்றுக்கு மேலே இருக்கிற வெளிக்காற்று தண்ணீரை அமுக்கி மேலே ஏற்றுகிறது. அந்தக் காற்றால் 33 அடிக்கு மேல் ஏற்ற முடியாது, நீங்கள் பத்து எச்.பி. போட்டாலும் 33தான். குழாயின் உராய்வு, புட்வால்வு, பெண்டு எல்லாம் கழித்தால் நடைமுறையில் 25 அடி எடுத்தாலே பெரிது. நீங்கள் 26இல் இருக்கிறீர்கள். விளிம்பில் நிற்கிறீர்கள். பெரிய மோட்டார் அதே குழாயில் அதிகத் தண்ணீரைக் கேட்கும், உராய்வு கூடும், இப்போது தட்டுத்தடுமாறி எடுப்பதும் நின்றுபோகும். பம்புக்குள் ஜல்லி உருளுகிற சத்தம் கேட்டால் அதுதான்.

பாளை நண்பருக்கு: ஸ்டாண்டு தொட்டியில் குறை ஒன்றுமில்லை. ஆனால் பத்தடி உயரத்துக்கு நாலு பவுண்டுச் சொச்சம்தான் கிடைக்கும். மாடி ஷவருக்குப் பத்துப் பவுண்டு வேண்டுமென்றால் ஷவர் தலைக்கு மேல் இன்னும் 23 அடி உயரத்தில் தொட்டி நிற்க வேண்டும். அந்தச் செலவுக்கு வேறு நாலு வேலை பார்க்கலாம். கிணற்றுக்குள் திண்டு கட்டும் யோசனை பெரியப்பா தோட்டத்துக்குச் சரி. இந்தக் கிணற்றில் கார் நெல் சாகுபடிக்குக் கால்வாயைத் திறந்தால் தண்ணீர் பத்தடிக்கு வந்துவிடும் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். மோட்டார் முங்கும்.

தங்கச்சி, நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டியவை: மோட்டார் எந்த முள்ளில் ஓடுகிறது, எந்த முள்ளில் நிற்கிறது, டேங்க் வால்வில் காற்றா தண்ணீரா, காலையில் முள் எங்கே, சாயங்காலம் வோல்டேஜ் எவ்வளவு.

வீரவநல்லூர் மருமகள்

ரொம்ப நன்றி அண்ணாச்சி. சொன்னபடியே பார்த்துவிட்டேன்.

காலையில் மோட்டார் 22 பவுண்டில் ஓடி 44இல் நிற்கிறது. சாயங்காலம் முள் 38, 39க்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது, அங்கேயே நடுங்கிக்கொண்டு நிற்கிறது. வோல்டேஜ் பார்க்க என்னிடம் மீட்டர் இல்லை, ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசரில் எண் தெரியும். ஏழு மணிக்கு 195 காட்டியது.

டேங்க் வால்வில் ஊக்கை வைத்து அமுக்கியதும் முகத்தில் பீய்ச்சி அடித்தது. தண்ணீர்தான், அதுவும் துருப்பிடித்த தேத்தண்ணி நிறத்தில். பக்கத்தில் நின்ற மாமாவின் வேட்டியில் இன்னும் கறை போகவில்லை.

ராத்திரி கேட்வால்வை அடைத்து வைத்தேன். காலையில் முள் 12இல் இருந்தது. கிணற்றுப் பக்கம் போய் நின்று கேட்டேன், நீங்கள் சொன்ன சலசலப்பு கேட்டது. அத்தையையும் கூப்பிட்டுக் கேட்கச் செய்தேன். அவர் வைத்திருந்த காரணத்தைக் கைவிட்டதாகத் தெரியவில்லை, ஆனால் இப்போது கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்.

இனி எதை முதலில் செய்வது? டேங்கையே மாற்ற வேண்டுமா?

தேரிக்காட்டான்

நான் திசையன்விளைப் பக்கம். போர் மோட்டார், அதனால் அண்ணாச்சி சொன்ன இழுப்புப் பிரச்சினை எனக்கு இல்லை. எனக்கு வந்தது வேறு, இந்தத் தலைப்பைத் தேடி வருகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

கேஜில் முள் நன்றாக இருக்கும், குழாயில் தண்ணீர் நூலாக வரும். அப்படியென்றால் மோட்டாரையும் டேங்கையும் விட்டுவிடுங்கள், அடைப்பு அதற்குப் பிறகுதான். எங்கள் தண்ணீர் உப்பு, கெட்டித் தண்ணீர். ஷவர் தலையிலும் குழாய் வாயில் உள்ள சல்லடையிலும் சுண்ணாம்பு வெள்ளையாகப் படிந்து கல்லாகிவிடும். கழற்றி ராத்திரி முழுவதும் வினிகரில் போட்டு, காலையில் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். ஆசிட் ஊற்றுகிறவர்கள் உண்டு, மேல்பூச்சு உரிந்துவிடும்.

இன்னொரு இடம் யாரும் பார்க்காதது. பிரஷர் சுவிட்சுக்குக் கீழே விரல் கனத்தில் ஒரு சின்னக் குழாய் இருக்கும், அது வழியாகத்தான் சுவிட்சுக்குப் பிரஷர் தெரியும். அதில் சுண்ணாம்போ துருவோ அடைத்தால் சுவிட்சுக்குச் செய்தி தாமதமாகப் போகும். முள் கன்னாபின்னா என்று இறங்கின பிறகுதான் மோட்டார் ஓடும். சுவிட்ச் கெட்டுவிட்டது என்று புதிது வாங்கி, அதே அடைத்த குழாயில் மாட்டுவார்கள். குழாயைக் கழற்றிக் கம்பி விட்டால் தீர்ந்தது.

மண் வடிகட்டி வைத்திருப்பவர்கள் அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு கேஜ் மாட்டிக்கொள்ளுங்கள். தண்ணீர் ஓடும்போது இரண்டுக்கும் வித்தியாசம் கூடிக்கொண்டே போனால் வடிகட்டியைக் கழுவும் நேரம். தேரிச் செம்மண் பக்கம் இது இல்லாமல் காலம் தள்ள முடியாது.

அம்பை காயில்கட்டு

தேரிக்காட்டுத் தம்பி சொன்னது சரி. வீரவநல்லூர்த் தண்ணீர் அவ்வளவு உப்பு இல்லை, ஆனாலும் டேங்கில் துரு வந்திருப்பதால் அந்தச் சின்னக் குழாயையும் ஒரு தடவை குத்திவிடுங்கள்.

டேங்கை மாற்ற வேண்டாம் தங்கச்சி. நூறு லிட்டர் டேங்கில் பெரும்பாலும் அடியில் வட்டத் தகடு ஒன்று போல்ட்டு போட்டு மாட்டியிருக்கும். போல்ட்டைக் கழற்றினால் பையை வெளியே உருவி வேறு பை போடலாம். புதுப்பை வாங்கும்போது பழைய பையின் வாயளவைக் கொண்டுபோங்கள், லிட்டரை மட்டும் சொல்லி வாங்கினால் வாய் சேராது. உள்ளே இருக்கிற துருநீரைக் கவிழ்த்துக் கொட்டி, ஒரு நாள் காயவிட்டுப் பிறகு பையைப் போடுங்கள். காற்று அடிப்பது சுவிட்சைச் சரிசெய்த பிறகு.

சுவிட்சுக்கு வருகிறேன். மார்கழியில் வந்தவர் முடுக்கின நட்டுதான் சாயங்கால ஓட்டத்துக்குக் காரணம். கணக்கு இது. பிளேட்டில் 36 மீட்டர் என்று போட்டிருக்கிறது, உத்தேசமாக அதுதான் உச்சம். மார்கழியில் தண்ணீர் பத்தடியில், அதாவது மூன்று மீட்டரில் இருந்தது. மிச்சம் 33 மீட்டர், 47 பவுண்டு. 44இல் நிற்கச் சொன்னால் நிற்கும். இப்போது தண்ணீர் எட்டு மீட்டரில். மிச்சம் 28 மீட்டர், 40 பவுண்டு. கிணறு பதினாறு அடி இறங்கினதில் ஏழு பவுண்டு போய்விட்டது. காலையில் வோல்டேஜ் நன்றாக இருப்பதால் பிளேட்டில் போட்டதற்கு மேலேயே கொஞ்சம் கொடுத்து எப்படியோ 44ஐத் தொட்டுவிடுகிறது. சாயங்காலம் 195 வோல்ட்டில் மோட்டாரின் இழுவை, 230இல் இருப்பதில் 72 சதவீதம்தான். வேகம் கொஞ்சம் குறையும், வேகம் குறைந்தால் பிரஷர் அதைவிட அதிகமாகக் குறையும். முள் 39இல் நடுங்கிக்கொண்டு நிற்கும், சுவிட்ச் 44க்காகக் காத்துக்கொண்டே இருக்கும், அதே தண்ணீர் பம்புக்குள் சுற்றிச் சுற்றிச் சூடேறும். கையை வைத்துப் பாருங்கள், பம்ப் சுடும். அப்படியே விட்டால் சீல் போய்விடும்.

சுவிட்ச் மூடியைத் திறக்கும் முன் மெயினை அணையுங்கள், உள்ளே 230 வோல்ட் திறந்து கிடக்கிறது. பெரும்பாலான சுவிட்சில் இரண்டு ஸ்பிரிங் இருக்கும். பெரிய ஸ்பிரிங்கின் நட்டைத் திருகினால் ஓடுகிற அளவும் நிற்கிற அளவும் சேர்ந்து மாறும். சின்னதைத் திருகினால் இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி மாறும். 20இல் ஓடி 36இல் நிற்கிற மாதிரி வையுங்கள். ஒவ்வொரு தடவையும் அரைச் சுற்று திருகி, மூடியைப் போட்டு, ஓட்டிப் பாருங்கள். நட்டைக் கண்டபடி முடுக்குகிற பழக்கத்தை ஒழித்தாலே பாதி மோட்டார் பிழைக்கும்.

மோட்டார் 20இல் ஓடுவது உறுதியானதும் மெயினை அணைத்து, டேங்கைச் சுத்தமாக வடித்து, 18 பவுண்டு காற்று அடியுங்கள். எப்போதும் ஓடுகிற அளவைவிட இரண்டு பவுண்டு கம்மி. அதைவிட அதிகம் அடித்தால் மோட்டார் ஓடுவதற்கு முன்னாலேயே டேங்க் காலியாகி, ஷவரில் ஒரு நொடி தண்ணீர் அற்றுப்போகும். சரியாக அடித்தால் ஓடி நிற்பதற்கு நடுவில் முப்பது லிட்டர் கிட்டக் கிடைக்கும். மோட்டார் நின்ற பிறகு மூன்று நிமிஷத்துக்கு மேல் ஷவர் டேங்க் தண்ணீரிலேயே ஓடும்.

அதற்குப் பிறகும் 36இலிருந்து 20 வரை முள் இறங்கத்தான் செய்யும். கீழ்வீட்டில் தெரியாது, மாடியில் தெரியும். டேங்கிலிருந்து மாடி ஷவர் 18 அடி உயரம் என்றால் அதற்கே எட்டுப் பவுண்டு போகும், 28க்கும் 12க்கும் நடுவில் நீங்கள் குளிப்பீர்கள். அதுவும் உறுத்தினால் டேங்குக்குப் பிறகு, வீட்டுக்குப் போகிற குழாயில், பிரஷர் குறைக்கும் வால்வு ஒன்று மாட்டி 20, 22இல் வைத்துவிடுங்கள். டேங்கில் முள் எப்படி ஆடினாலும் வீட்டுக்குள் ஏறக்குறைய ஒரே அளவுதான் போகும். டேங்குக்கு முன்னால் மாட்டிவிடாதீர்கள், சுவிட்ச் குழம்பிவிடும்.

புட்வால்வைத் தள்ளிப்போடாமல் இந்த வாரமே மேலே எடுங்கள். வாஷர் தேய்ந்திருக்கும், அல்லது ஒரு பொடிக்கல் மாட்டியிருக்கும். குழாயோடு சேர்த்து மேலே தூக்கித்தான் வேலை பார்க்க வேண்டும். யாராவது உள்ளே இறங்கினால்தான் ஆகும் என்று சொன்னால் தனியாக இறங்கவிடாதீர்கள். பூட்டிக்கிடந்த கிணற்றில் காற்று இல்லாமல் ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

பாளை மார்க்கெட்

அண்ணாச்சி சொன்ன கணக்கெல்லாம் சரி, ஆனால் கரண்ட் போனால் டேங்கில் இருக்கிற முப்பது லிட்டர் எத்தனை நேரம் காணும்? அப்புறம் இரும்பு ஸ்டாண்டு வைத்தவன்தான் சிரிப்பான்.

அம்பை காயில்கட்டு

அதற்குத்தான் கிணறும் வாளியும் இருக்கிறதே தம்பி. ஆனால் கேள்வி நியாயம். கீழ்வீட்டுக் குளியலறை மேல் ஒரு இருநூறு லிட்டர் தொட்டி வைத்து அவசரத்துக்கு நிரப்பி வைத்துக்கொள்ளட்டும், தட்டட்டியைத் தொட வேண்டாம்.

வீரவநல்லூர் மருமகள்

வேலை நடந்துவிட்டது. பார்த்ததை எழுதுகிறேன்.

டேங்கின் அடித்தகட்டைக் கழற்றியதும் உள்ளேயிருந்து கறுப்பு ரப்பர் பை வழவழவென்று வந்தது. விரித்துப் பார்த்தால் ஓட்டை எதுவும் தெரியவில்லை. பை எந்த இடத்தில் மடிந்து மடிந்து விரிந்ததோ அந்த மடிப்பிலேயே ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்திருந்தது. கையில் பிடித்து வளைத்தால்தான் வாய் திறந்தது. டேங்கைக் கவிழ்த்ததும் ஒரு குடத்துக்கு மேல் துருநீர் கொட்டியது.

புட்வால்வில் அண்ணாச்சி சொன்ன பொடிக்கல்தான். புளியங்கொட்டை அளவு. வாஷரிலும் அதன் தடம் விழுந்திருந்தது, அதையும் மாற்றிவிட்டோம். இப்போது ராத்திரி முள் அசைவதே இல்லை.

சுவிட்ச் 20/36. காற்று 18. ஷவரைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன், மோட்டார் வெகு நேரம் கழித்துத்தான் ஓடியது. சாயங்காலமும் 36ஐத் தொட்டு நிற்கிறது, ஆனால் ஏறுவதற்கு ரொம்ப நேரம் எடுக்கிறது, நீங்கள் சொன்ன ஜல்லிச் சத்தமும் லேசாகக் கேட்கிறது. மாமா எடுத்து வைத்த பணம் அப்படியே இருக்கிறது. அதற்கு ஏதாவது வழி சொல்லாவிட்டால் அவர் ஒன்றரை எச்.பி.யை வாங்காமல் விட மாட்டார்.

அம்பை காயில்கட்டு

மாமாவிடம் ஓப்பன்வெல் சப்மெர்சிபிள் ஒன்று வாங்கச் சொல்லுங்கள். ஒரு எச்.பி. போதும். அது தண்ணீருக்குள்ளேயே கிடக்கும், இழுக்க வேண்டிய வேலையே இல்லை, தள்ளுகிற வேலை மட்டும்தான். கிணறு ஏறினாலும் இறங்கினாலும் ஜல்லிச் சத்தம் வராது. கால்வாய் திறந்து தண்ணீர் மேலே வந்துவிட்டால் வேலை கஷ்டம், இப்போதே இறக்குங்கள்.

கடையில் எச்.பி.யைக் கேட்காதீர்கள், ஹெட் கேளுங்கள். 38 அடிக் கிணற்றின் அடியிலிருந்து தரைக்கு 12 மீட்டர், 36 பவுண்டுக்கு 25 மீட்டர், குழாய் உராய்வுக்கு இரண்டு மூன்று. மொத்தம் நாற்பது மீட்டர் கிட்ட வருகிறது. பிளேட்டில் 40க்கு மேல் இருக்க வேண்டும், ஆனால் தண்ணீர் இப்போது போல 26 அடியில் நிற்கும்போது வருகிற 36 மீட்டரிலேயே நல்ல அளவுத் தண்ணீர் கொடுக்கிறதா என்று அட்டவணையில் பார்த்து வாங்குங்கள். உச்ச ஹெட்டில் எந்த பம்பும் தண்ணீர் கொடுக்காது.

சேற்றில் உட்காரவைக்காமல் அடியில் ஒரு பட்டியக்கல் போட்டு அதன் மேல் வையுங்கள். கேபிளைப் பிடித்துத் தொங்கவிடக் கூடாது, நைலான் கயிறு தனியாகக் கட்டுங்கள். மேலே வரும் குழாயில் தண்ணீர் திரும்பாமல் தடுக்கிற நான்ரிட்டர்ன் வால்வு கட்டாயம், இல்லாவிட்டால் பழைய ராத்திரிச் சத்தம் திரும்ப ஆரம்பிக்கும். தண்ணீர் இல்லாமல் ஓடினால் நிறுத்துகிற பாதுகாப்புப் பெட்டியும், தனி எர்த்தும், கரண்ட் கசிந்தால் உடனே அணைக்கிற ஆர்சிசிபியும் போட்டுவிடுங்கள். தண்ணீருக்குள் கிடக்கிற மோட்டார், அதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

பழைய மோனோபிளாக்கை விற்றுவிடாதீர்கள். ஐப்பசிக்கு மேல் தண்ணீர் பத்தடிக்கு வந்ததும் தென்னைக்குப் பாய்ச்ச அது போதும். அந்தப் பம்பின் கப்பாசிட்டரை மட்டும் ஒரு தடவை என் கடைக்குக் கொடுத்தனுப்புங்கள், குறைந்த வோல்டேஜில் இவ்வளவு நாள் உழைத்திருக்கிறது, பலம் இருக்கிறதா என்று பார்த்துத் தருகிறேன்.